ஆலைக்குள் திறக்கும் வெப்மின், தருமபுரியிலிருந்து திறக்கவில்லை
ஆலை சர்வரை உலாவி வழியே நிர்வகிக்கும் வெப்மினை, ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையைச் சர்வருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) செய்தும் தருமபுரியிலிருந்து திறக்க முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். போர்ட் ஃபார்வர்டிங்கை விட்டுவிட்டு, சர்வரிலும் உங்கள் மடிக்கணினியிலும் டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன் (இரண்டையும் இணையம் வழியே ஒரே தனி நெட்வொர்க்கில் இணைக்கும் மென்பொருள்) நிறுவி, அது சர்வருக்குத் தரும் முகவரியோடு வெப்மினுக்கான 10000 என்ற போர்ட்டைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்குள் வெப்மின் பக்கம் ஒழுங்காகத் திறப்பதாக நீங்களே எழுதியிருப்பதால், சர்வரில் பழுது இருக்க வாய்ப்பில்லை. இணைய நிறுவனம் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கக்கூடும்.

ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி (WAN IP, இணைய நிறுவனம் ரூட்டருக்குத் தந்த முகவரி) என்ற வரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் பொது ஐபி பகிரப்பட்டதுதான், ஐயமே வேண்டாம். வெளியிலிருந்து வரும் கோரிக்கை உங்கள் ரூட்டரை எட்டுவதே இல்லை. தெருமுனை வரை வந்த தபாலில் கதவு எண் இல்லாத கதைதான்.

நிலையான பொது ஐபி வாங்கினாலும் 10000-ஐ இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைக்காதீர்கள்; கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி நிரல்கள் வந்து தட்டும். விபிஎன் அமைக்கும் நாளில் ஆலையிலேயே இருங்கள், ஃபயர்வால் (எந்த இணைப்பை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் தடுப்பு) விதி ஒன்று பிசகினால் தருமபுரியிலிருந்து திருத்த முடியாது.