கட்டாத கல்லூரிக் கட்டணம் வசூல் ஏஜென்சிக்குப் போய்விட்டால் என்ன செய்வது?

அமெரிக்காவில் ஒரு செமஸ்டர் கட்டணம் பாக்கி, இப்போது வசூல் ஏஜென்சி கடிதம் அனுப்பியிருக்கிறது என்கிறீர்கள். பயந்துபோய் போனிலேயே கார்டு நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள். 1977-ல் வந்த கடன் வசூல் சட்டப்படி, நோட்டீஸ் கைக்கு வந்த 30 நாளுக்குள் "இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை, ஆதாரம் காட்டுங்கள்" என்று எழுதி அனுப்பினால், ஆதாரம் தரும்வரை அவர்கள் வசூலை நிறுத்தியே ஆக வேண்டும். சர்டிஃபைட் மெயிலில் (நம்மூர் பதிவுத் தபால் மாதிரி) அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் தொகையைப் பிரித்துப் பாருங்கள்: டியூஷன் எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு, வசூல் செலவு என்று மேலே ஏற்றியது எவ்வளவு? அந்தச் செலவை உங்கள் தலையில் கட்ட, வகுப்புக்குப் பதிவு செய்தபோது ஆன்லைனில் நீங்கள் 'சம்மதம்' அழுத்திய ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள், பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. கல்லூரியின் கட்டண அலுவலகத்தையும் கேளுங்கள். சில இடங்களில் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு தவணை போட்டுத் தருவார்கள்.

குறைந்த தொகைக்குப் பேசி முடித்தால், அதை எழுத்தில் வாங்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். பாக்கி இருந்தால் உங்கள் டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியல்) கல்லூரி தராமல் நிறுத்திவைக்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 2020 முதல் பாக்கியைக் காட்டி அதை நிறுத்திவைக்கக் கூடாது.