மஞ்சள் காலுறை, நீள நீல அங்கி போட்டு மாணவர்கள் அணிவகுத்துப் போகும் அந்த இங்கிலாந்துப் பள்ளி எது? அது பணக்காரர்களுக்கு மட்டும்தானா?

அந்தப் பள்ளியின் பெயர் கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல். லண்டனுக்குத் தெற்கே, சசெக்ஸில், ஹார்ஷாம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு பேண்டு வாத்தியம் முழங்க, பிள்ளைகள் உணவுக்கூடத்துக்கு நடைபோடும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்த்த மாத்திரத்தில் சீமான் வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த நீல அங்கி, தர்மத்தில் வளர்ந்த ஏழைப் பிள்ளையின் அடையாளமாகப் பிறந்தது. இந்தப் பள்ளியை, சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேர்போன ஈட்டன், ஹாரோ பள்ளிகளோடு ஒரே மூட்டையாகக் கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஹாஸ்பிடல் என்றால் நோய்க்கு வைத்தியம் பார்க்கும் இடம் மட்டுமல்ல, திக்கற்றவர்களுக்குச் சோறும் கூரையும் கொடுக்கும் இடமும்தான். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அவை செய்துவந்த அன்னதானமும் நின்றுபோனது. 1552ல் பிஷப் ரிட்லி, சிறுவனாக இருந்த அரசர் ஆறாம் எட்வர்டின் முன்னிலையில் லண்டன் ஏழைகளுக்காகப் பிரசங்கம் செய்தார். மேயர் ரிச்சர்ட் டாப்ஸ் நகரத்தாரிடம் பணம் திரட்டினார். நியூகேட் தெருவில் இருந்த கிரேஃபிரையர்ஸ் மடத்துக் கட்டடத்தைச் சரிசெய்து, அதே ஆண்டு நவம்பரில் சுமார் 380 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆண், பெண் இருவரும் உண்டு. கைக்குழந்தைகளை நாட்டுப்புறத்துச் செவிலித்தாய்களிடம் அனுப்பி வளர்த்தார்கள். 1553 ஜூன் மாதம் சாசனத்தில் கையெழுத்துப் போட்ட அரசர், ஜூலை 6 அன்று இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 15.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலக் கவிஞர்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் தயவுசெய்து 'கோல்ரிட்ஜ் கிறிஸ்து மருத்துவமனையில் படித்தார்' என்று எழுதாதீர்கள். பள்ளியின் பெயரைப் பெயராகவே விடுங்கள். 'பப்ளிக் ஸ்கூல்' என்பதைப் 'பொதுப்பள்ளி' ஆக்குவதும் இதே தப்புதான். இங்கிலாந்தில் அந்தச் சொல், பழைய தனியார் கட்டணப் பள்ளியைக் குறிக்கும். அகராதியைப் பார்த்தால் மட்டும் போதாது, அந்தச் சொல் அந்த ஊரில் எதைக் குறிக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

உடைக்கு வருவோம். முதல் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் போட்டிருந்தது செம்பழுப்பு நிற உடை. அடுத்து வந்த ஈஸ்டருக்குத்தான் நீலம் வந்தது. அன்றைக்கு நீலச் சாயம் மலிவு, வேலையாட்களின் உடுப்புக்குப் போடும் நிறம். இன்றைக்கும் உடையின் வகை பெரிதாக மாறவில்லை. காலர் இல்லாத வெள்ளைச் சட்டை. கழுத்தில் வக்கீல்கள் கட்டுவது போன்ற இரண்டு வெள்ளைப் பட்டைகள். முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, அதற்குக் கீழே கடுகு மஞ்சள் நிறத்தில் நீளக் காலுறை. பெண் பிள்ளைகளுக்குக் கால்சட்டைக்குப் பதில் மடிப்புப் பாவாடை. எல்லாவற்றுக்கும் மேலே கணுக்கால் வரை இறங்கும் கம்பளி அங்கி, அதில் வெள்ளி நிறப் பொத்தான்கள், இடுப்பில் தோல் வார். வாரைப் பார்த்தே யார் சின்னவர், யார் பெரியவர் என்று சொல்லிவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒல்லி வார். பெரியவர்களுக்கு வெள்ளி நிறக் கொக்கி வைத்த அகல வார். கடைசி ஆண்டு மாணவர்களுக்கு 'கிரீஷியன்' என்று பெயர். அவர்களில் 'பட்டன் கிரீஷியன்' எனப்படும் சிலருடைய அங்கியில் மட்டும் பொத்தான்கள் பெரியவை, மணிக்கட்டில் வெல்வெட் பட்டை இருக்கும். மஞ்சள் காலுறை எலியை விரட்டத்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். அதைக் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம், இந்த உடை பெற்றோர் கடையில் வாங்குவது இல்லை. பள்ளியே இலவசமாகக் கொடுக்கிறது. முழுக் கட்டணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு பைசா கட்டாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே துணி.

உடனே யாராவது வந்து 'முழுக் கட்டணம் எவ்வளவு என்று தெரியுமா' என்று கேட்பார்கள். தெரியும். முழுக் கட்டணம் பெரிய தொகைதான். 2025 ஜனவரி முதல் இங்கிலாந்தில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரியும் சேர்ந்துவிட்டது. முழுக் கட்டணம் கட்டுகிறவர்களும், வீட்டிலிருந்து தினமும் வந்துபோகிறவர்களும் முன்பைவிட இப்போது அதிகம். இது எனக்கும் பிடித்த மாற்றம் இல்லை. ஆனாலும் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் முறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். முக்கியமான சேர்க்கை 11 வயதில், ஏழாம் வகுப்புக்கு. பதினாறு வயதிலும் சேரலாம். ஏழாம் வகுப்புக்கு, பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே விசாரிக்கத் தொடங்குங்கள். ஆறாம் வகுப்பு பாதி போனபிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும். ஆங்கிலம், கணக்கு, பகுத்தறியும் திறன் மூன்றிலும் சோதிப்பார்கள். உதவித்தொகைப் படிவத்தில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: சம்பளத்தை மட்டும் காட்டிவிட்டு, சேமிப்பையும் வீட்டின் மதிப்பையும் விட்டுவிடுவார்கள். இந்த மாதிரி உதவிக்குச் சொத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். உதவி ஒருமுறை கிடைத்தால் கடைசிவரை அதே அளவு என்றும் நினைக்க வேண்டாம். வருமானம் கூடினால் நீங்கள் கட்டும் பங்கும் கூடும்.

இங்கே படித்தவர்களைப் பார்த்தாலும் இது யாருக்கான பள்ளி என்று புரியும். கோல்ரிட்ஜ் 1782ல் சேர்ந்தபோது தகப்பனை இழந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அவரோடு படித்த கட்டுரையாளர் சார்லஸ் லாமின் அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. இதே பள்ளியில் படித்த மிடில்டன் 1814ல் கல்கத்தாவின் முதல் ஆங்கிலிகன் பிஷப் ஆனார். அவருடைய மறைமாவட்டத்துக்குள் சென்னையும் அடக்கம். அரசர் இரண்டாம் சார்லஸ் 1673ல் இங்கேயே ஒரு கணிதப் பள்ளியை ஏற்படுத்தினார். 40 பையன்களுக்குக் கப்பல் செலுத்தும் கணக்கு கற்றுக்கொடுத்துக் கடலுக்கு அனுப்புவது நோக்கம். அதன் பாடத்திட்டத்தைப் பற்றி நியூட்டனிடமே கருத்துக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கணிதப் பள்ளியைக் கொண்டாடும் வெர்ரியோவின் ஓவியம் 25 மீட்டருக்கும் மேல் நீளம். அது இன்றும் உணவுக்கூடச் சுவரில் இருக்கிறது. பிள்ளைகள் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பழைய மாணவர் பேச்சில் ரொட்டிக்கு 'க்ரக்', டீக்கு 'கிஃப்', வெண்ணெய்க்கு 'ஃப்ளாப்'.

1902ல் பையன்களின் பள்ளி லண்டனை விட்டு ஹார்ஷாமுக்கு வந்தது. கட்டடக் கலைஞர்கள் ஆஸ்டன் வெப், இங்க்ரெஸ் பெல். பள்ளிக்கென்றே ரயில் கம்பெனி பெரிய ஸ்டேஷன் கட்டியது. ஆனால் விடுதிப் பிள்ளைகள் தினமும் ரயில் ஏறுவது இல்லையே, எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஸ்டேஷன் கட்டடத்தின் பெரும்பகுதியை பிறகு இடித்துவிட்டார்கள். ஹெர்ட்ஃபோர்டில் தனியாக இருந்த பெண்கள் பள்ளி 1985ல்தான் வந்து சேர்ந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்பீர்கள். பள்ளியை விட்டுப் போகும் நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பைபிளைக் கொடுத்து, 'இங்கே பெற்றதை மறக்காதே, உன்னால் முடிந்த அளவு இன்னொரு பிள்ளைக்கும் கிடைக்கச் செய்' என்ற பொருளில் ஒரு கட்டளையை வாசிப்பார்கள். பார்ன்ஸ் வாலிஸ் அதைச் செய்து காட்டியவர். இரண்டாம் உலகப் போரில் தண்ணீரின் மேல் தத்திப் போகும் குண்டை வடிவமைத்த பொறியாளர் இவர்தான். 1951ல் அரசு அவருக்கு 10,000 பவுண்டு பரிசு கொடுத்தது. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. போரில் இறந்த விமானப்படையினரை நினைத்து, அந்தப் படைக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தப் பள்ளியில் படிப்பதற்கான நிதியாக்கிவிட்டார்.