முதல் செமஸ்டர் கணக்கு: எந்த வரியில் இடறுகிறது?

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பிளஸ் டூ கணிதத்தில் 71 மதிப்பெண். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்திருக்கிறாள். முதல் இன்டர்னலில் கணக்கில் 50க்கு 14 தான். வகுப்பில் ஒன்றுமே புரியவில்லையாம், டியூஷன் வைக்கச் சொல்கிறாள். வைக்கலாமா?

பதில்: ஒரு மாதம் பொறுங்கள் அம்மா. முதலில் அந்த விடைத்தாளை எடுத்து, கணக்கு எந்த வரியில் தப்பியது என்று மகளையே குறிக்கச் சொல்லுங்கள்.

மகளின் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் நடந்தால், முதல் செமஸ்டர் தாள் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்', அதாவது அணிகளும் நுண்கணிதமும். சிபிஎஸ்இ பிள்ளைக்கும் தமிழ் வழிப் பிள்ளைக்கும் ஒரே தாள். முதல் யூனிட்டிலேயே ஐகன் மதிப்பு, அதாவது ஒரு அணியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சிறப்பு எண்கள், வந்து பயமுறுத்தும். பெயர்தான் புதுசு. முதல் வரிசையில் 4, 1; இரண்டாவதில் 2, 3 உள்ள அணியை எடுத்துக்கொள்வோம். மூலைவிட்ட எண்களிலிருந்து லாம்டா என்ற தெரியாத எண்ணைக் கழித்து, அணிக்கோவையை (மூலைவிட்ட எண்களின் பெருக்கலிலிருந்து மற்ற இரண்டின் பெருக்கலைக் கழித்தது) பூஜ்யமாக்கினால்,

(4 − லாம்டா)(3 − லாம்டா) − 2 = 0

பெருக்கினால் லாம்டா வர்க்கம் − 7 லாம்டா + 10 = 0. விடை 2, 5. இதில் ஐகன் என்ற யோசனை முதல் வரியோடு முடிந்துவிட்டது. மீதி பத்தாம் வகுப்புக் காரணிப்படுத்தல். பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டை விடுவது அந்த மீதியில்தான், அதுவும் மைனஸ் குறியில். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: விடைகளைக் கூட்டினால் 4 + 3, பெருக்கினால் அணிக்கோவையின் மதிப்பு 10 வர வேண்டும். அரை நிமிடம் ஆகாது, 16 மார்க் கேள்வியைக் காப்பாற்றும்.

கால்குலஸ் பகுதியில் இடறினால் பதினொன்றாம் வகுப்புக்குத்தான் போக வேண்டும். எல்லைகள், வகையிடல், தொகையிடல் மூன்றுக்கும் அடித்தளம் அங்கே. அந்த ஆண்டுப் பாடத்தைச் சில பள்ளிகள் அவசரமாக ஓட்டிவிடுவது ஊரறிந்த விஷயம். தினம் 40 நிமிடம், அந்தப் பயிற்சிக் கணக்குகளைக் கையால் போட வேண்டும். வீடியோ பார்ப்பது கணக்குப் போட்டதாகாது.

அப்புறம் மொழி. டிடர்மினன்ட் என்பது அணிக்கோவை, ரேங்க் என்பது தரம், டெரிவேட்டிவ் என்பது வகைக்கெழு என்று தெரியாமலே பல பிள்ளைகள் 'புதுப் பாடம்' என்று மிரள்கிறார்கள். பார்ஷியல் டெரிவேட்டிவ்கூட பிளஸ் டூவில் படித்த பகுதி வகைக்கெழுதான். தமிழ், ஆங்கில வழிப் பாடநூல்கள் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே அத்தியாயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொற்களை ஒரு நோட்டில் எழுதட்டும். ஐம்பது அறுபது சொல் பிடிபட்டாலே வகுப்பு காதில் ஏறும்.

இறுதி மதிப்பெண் 100இல் இன்டர்னல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 40, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60. ஆகவே இந்த 14 கையை விட்டுப் போன கணக்கல்ல. அடுத்த இன்டர்னலிலும் 50க்கு 25 தாண்டவில்லை என்றால் டியூஷன் வையுங்கள். அப்போதும் செமஸ்டர் தாள் நடத்துபவரைத் தேட வேண்டாம், பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவராகப் பாருங்கள்.