கெர்னலில் கோட்டூவுக்கு விடைகொடுக்கலாமா?

வணக்கம் சார்,

லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதுகிறேன். ஃபங்ஷனின் கடைசியில் லேபிள்களை அடுக்கிவைத்து, பிழை வந்தால் கோட்டூ (goto, வேறு வரிக்குத் தாவச் சொல்லும் கட்டளை) போட்டு அங்கே தாவி மெமரியை விடுவிப்பதுதான் என் பழக்கம். இப்போது வரும் பேட்ச்களில் (கெர்னலுக்கு அனுப்பும் மாற்றங்களில்) வேரியபிளை அறிவிக்கும் வரியிலேயே ‘முடிந்ததும் ஃப்ரீ செய்’ என்று எழுதிவிடுகிறார்கள். இது சி மொழிக்குள் நுழையும் கார்பேஜ் கலெக்டரா? வேகம் குறையாதா? பழைய கோடையும் மாற்றிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கார்பேஜ் கலெக்டர் இல்லை. அது புரோகிராம் ஓடும்போது எந்த மெமரிக்கு வேலை முடிந்தது என்று தேடும். இங்கே தேடலே கிடையாது. வேரியபிள் தன் ஸ்கோப்பை (அது செல்லுபடியாகும் பகுதியை) விட்டு வெளியேறும் வழிகளில் எல்லாம் விடுவிக்கும் அழைப்பைக் கம்பைலரே செருகிவிடுகிறது, நீங்கள் கையால் எழுதியிருக்க வேண்டிய அதே அழைப்பை. வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜிசிசி கம்பைலரில் நெடுநாளாக இருக்கும் வசதிதான். அதன்மேல் கெர்னல் டெவலப்பர் பீட்டர் ஜைல்ஸ்ட்ரா எழுதிய மேக்ரோக்கள் 2023இல் கெர்னல் 6.5 பதிப்பில் சேர்ந்தன.

இதை நான் மனதார வரவேற்கிறேன். பிழைப் பாதைகள் சோதனையில் ஓடுவதே அபூர்வம். பிற்பாடு யாரோ நடுவில் ஒரு ரிட்டர்ன் சேர்ப்பார், கீழே உள்ள லேபிளைப் பார்க்க மாட்டார். மெமரி விடுபடாமல் தங்கிவிடும் அந்த லீக் பல காலம் யார் கண்ணிலும் படாது.

ஆனால் வரிசையில் கவனம் வேண்டும். கடைசியாக அறிவித்தது முதலில் விடுவிக்கப்படும். பழைய பழக்கத்தில் பாயின்டரை ஃபங்ஷனின் தலைப்பில் நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) என்று அறிவித்துவிட்டு, பிறகு மியூடெக்ஸ் கார்டு (ஸ்கோப் முடிந்ததும் தானே திறந்துகொள்ளும் பூட்டு) போட்டு, அதற்கப்புறம் மெமரி வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். பிழை வந்து வெளியேறும்போது முதலில் பூட்டு திறக்கும், பிறகுதான் பாயின்டரின் கிளீனப் (கம்பைலர் செருகிய அந்த அழைப்பு) ஓடும். அந்தக் கிளீனப் ஒரு லிஸ்ட்டிலிருந்து நோடை நீக்குவதாக இருந்தால், பூட்டில்லாமல் லிஸ்ட்டில் கைவைத்துவிட்டீர்கள். கோடைப் படித்தால் ஒரு குறையும் தெரியாது. எனவே பாயின்டரை, மெமரி வாங்கும் அதே வரியில் அறிவியுங்கள்.

வெற்றிகரமாக முடிந்து பாயின்டரை அழைத்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும்போது அதைக் கிளீனப்பின் பிடியிலிருந்து கழற்றவும் வேண்டும். அதற்கென்றே உள்ள மேக்ரோ மதிப்பை எடுத்துக்கொண்டு வேரியபிளில் நல்லை வைத்துவிடும். மறந்தால், ஃப்ரீ ஆன மெமரியைத்தான் அவர் கையில் கொடுப்பீர்கள்.

பழைய கோடை மொத்தமாக மாற்ற வேண்டாம். ஒரே ஃபங்ஷனில் கோட்டூவையும் கிளீனப்பையும் கலக்காதீர்கள் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. கிளீனப் வேரியபிளின் அறிவிப்பைத் தாண்டி ஒரு கோட்டூ குதித்தால், மதிப்பே வைக்காத பாயின்டர்மீது கிளீனப் ஓடும். கிளாங் கம்பைலர் இதைப் பிழை என்று நிறுத்திவிடும், ஜிசிசி விட்டுவிடும். புதிய ஃபங்ஷன்களில் தொடங்குங்கள். பழையதில் கைவைத்தால் அந்த ஃபங்ஷனை முழுதாக மாற்றுங்கள், அதையும் பக் திருத்தத்தோடு சேர்க்காமல் தனி பேட்சாக அனுப்புங்கள்.