சவூதியில் வணிகம்: கஹ்வாவும் கணக்கும் (கேள்வி பதில்)

சவூதி அரேபியாவில் இருபத்திரண்டு ஆண்டுகள், முதலில் ஜித்தாவிலும் பின்னர் ரியாத்திலும், கட்டுமானப் பொருள் விற்பனையில் இருந்தவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். நான் சொல்வதை எல்லா அரபு நாடுகளுக்கும் பொருத்திவிட வேண்டாம். துபாயில் நன்றாகத் தொழில் செய்தவர்கள் ரியாத்தில் தடுமாறியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி (போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகர்): ரியாத்தில் ஒரு மொத்த வியாபாரியை மூன்று முறை சந்தித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் பேச்சு, காப்பி, பேரீச்சம்பழம். விலையைப் பற்றி மட்டும் பேச்சே எழவில்லை. அவருக்கு வாங்கும் எண்ணம் இல்லையோ?

பதில்: எண்ணம் இல்லாதவர் மூன்றாவது முறை உங்களைத் தம் மஜ்லிஸில் (விருந்தினர் கூடத்தில்) உட்கார வைத்திருக்க மாட்டார். அவர் இப்போது எடை போடுவது ஏலக்காயை அன்று, உங்களை.

இதை வெறும் விருந்தோம்பல் என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். அங்குள்ள மொத்த வணிகத்தில் பெரும்பகுதி குடும்ப நிறுவனங்களின் கையில் இருக்கிறது. எத்தனை மேலாளர்கள் இருந்தாலும் முடிவு தந்தையிடமோ மூத்த மகனிடமோதான். ஒப்பந்தத் தகராறுகளோ நீண்ட காலம், தொகுத்து எழுதப்பட்ட குடிமைச் சட்டம் இல்லாமல், நீதிபதி ஷரீஆவை விளங்கிக்கொண்ட விதத்தைப் பொறுத்தே முடிவாகி வந்தன. குடிமைப் பரிவர்த்தனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2023 டிசம்பரில்தான். வழக்கு எப்படி முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஊரில், வழக்குக்கே போக வேண்டிய தேவை எழாத ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் வியாபாரியின் பாதுகாப்பு. அந்தத் தேர்வுதான் கஹ்வா (அரபுக் காப்பி) குடிக்கும் அந்த மூன்று மணி நேரம். சட்டம் வந்துவிட்டது, பழக்கம் மாற இன்னும் ஒரு தலைமுறை ஆகலாம்.

உங்கள் சரக்கைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அவர் உங்களுக்கு ஊற்றிக் கொடுத்த கஹ்வாவின் மணமே ஏலக்காய்தான். 2022ஆம் ஆண்டைச் ‘சவூதிக் காப்பி ஆண்டு’ என்று அரசே அறிவிக்கும் அளவுக்கு அது அவர்களுக்குப் பெருமைக்குரியது. ஆகவே 8 மில்லிமீட்டர் பச்சைக்காயின் அருமையை அவருக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. குவாத்தமாலா காய் விலை மலிவாகக் கிடைக்கும்போதும் இந்தியக் காயைக் கேட்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர் அஞ்சுவது பூச்சிக்கொல்லி எச்சத்தை. அதன் பொருட்டு இந்தியச் சரக்கு துறைமுகத்தில் மறுக்கப்பட்ட காலம் உண்டு. எச்சப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டு செல்லுங்கள், ஆனால் பேச்சை அவர் எடுக்கும்வரை அது பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி (சென்னை, மென்பொருள் நிறுவனம்): ஓர் அரசுத் திட்டத்தின் துணை ஒப்பந்ததாரருக்கு வேலை முடித்துக் கொடுத்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. பணம் கேட்டால் ‘இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்’ என்கிறார்கள். இதை அவர்கள் கலாச்சாரம் என்று பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். வெளியிலிருந்து வருபவர் கலாச்சாரம் என்று பெயர் வைக்கும் பல விஷயங்கள் அங்கே உண்மையில் பணவோட்டம்.

பணம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். எண்ணெய் விற்ற பணம் கருவூலத்துக்கு வருகிறது. அங்கிருந்து அமைச்சகம், பிறகு முதன்மை ஒப்பந்ததாரர், பிறகு துணை ஒப்பந்ததாரர், கடைசியாக நீங்கள். 2014இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருப்பதால், நாணய மதிப்பைக் குறைத்துச் சமாளிக்கும் வழி அரசுக்கு இல்லை. செலவைக் குறைத்தார்கள், பில்களை நிறுத்தி வைத்தார்கள். 2016 அக்டோபரில் அரசு ஊழியர் சம்பளத்தைக்கூட ஹிஜ்ரி (இஸ்லாமியச் சந்திர நாட்காட்டி) மாதத்திலிருந்து ஆங்கில மாதத்துக்கு மாற்றினார்கள். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால், அந்த நாட்களுக்கான சம்பளம் ஆண்டுதோறும் மிச்சம். அதற்குச் சற்று முன், ஆகஸ்டில், சம்பளம் வராமல் ஜித்தா முகாம்களில் தவித்த ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்பிவைக்க அப்போதைய இணையமைச்சர் வி.கே. சிங்கே நேரில் செல்ல வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் எனக்கும் ஓர் ஒப்பந்ததாரர் பதினொரு மாதம் பணம் தரவில்லை. வாரந்தோறும் ‘இன்ஷா அல்லாஹ்’ என்றார். ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன். அமைச்சகத்திலிருந்து அவருக்குப் பணம் வந்த நான்காம் நாள், நான் கேட்காமலேயே முழுத்தொகையும் என் கணக்கில் ஏறியது. தன்னிடம் பணமில்லை என்று சொல்வது அவருக்கு மானக்கேடு. தேதி சொல்லிவிட்டுத் தவறினால் அது அதைவிடப் பெரிய மானக்கேடு. அந்தச் சொல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. இதில் எது கலாச்சாரம், எது பொருளாதாரம் என்று பிரித்துச் சொல்ல என்னால் இன்றும் முடியவில்லை.

ஆகவே ‘எப்போது தருவீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘உங்கள் பில் மேலே எந்தக் கட்டத்தில் இருக்கிறது’ என்று கேளுங்கள். அரசு ஒப்பந்தப் பணம் ‘எத்திமாத்’ என்ற மின்தளம் வழியாக நகர்வதால், உண்மையாக நடப்பவரிடம் இதற்குத் தெளிவான விடை இருக்கும். முதலாளியை நெருக்குவதைவிடக் கணக்காளரைப் பழகி வைத்துக்கொள்வது பயன் தரும். அவர் பெரும்பாலும் எகிப்தியராகவோ சூடானியராகவோ நம்மவராகவோ இருப்பார், அடுத்த வாரம் யாருக்குக் காசோலை எழுதப்படும் என்பது அவருக்குத்தான் தெரியும். அடுத்த ஒப்பந்தத்தில் முன்பணம் இல்லாமல் இறங்க வேண்டாம்.

கேள்வி (அதே உறுப்பினர்): தாமதத்துக்கு மாதம் 1.5% வட்டி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோமே?

பதில்: எழுதியது எழுத்தாகவே இருக்கும். வட்டி ரிபா, அதாவது ஷரீஆ தடுத்தது என்பதால் சவூதி நீதிமன்றம் அதை வசூலித்துத் தராது, அசல்தான் கிடைக்கும். வங்கிகளேகூடத் தங்கள் கணக்கில் வட்டி என்ற சொல்லைத் தவிர்த்து ‘கமிஷன்’ என்றே எழுதுகின்றன. தாமதம் ஆகும் என்று கணக்கிட்டு விலையிலேயே சேர்த்துவிடுவதுதான் அனுபவப்பட்டவர்கள் செய்வது. சரக்கு அனுப்புபவராக இருந்தால் எல்.சி. (வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) இல்லாமல் முதல் கப்பலை அனுப்ப வேண்டாம்.

கேள்வி (காயல்பட்டினம்): எங்கள் உறவினர்கள் சிலர் முன்பு சவூதிக்காரர் பெயரில் கடை வைத்து, அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து நடத்தினார்கள். நானும் ஜித்தாவில் அப்படி ஒரு மளிகைக் கடை தொடங்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. அதற்குப் பெயர் ‘தசத்தூர்’. 2020இல் வந்த புதிய சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரியால் வரை அபராதம். தண்டனை முடிந்ததும் வெளிநாட்டவரை நாடுகடத்துவார்கள். உங்கள் உறவினர்கள் காலத்தில் அரசு கண்டுகொள்ளாமல் இருந்ததற்குக் காரணம், தம் குடிமக்களுக்கு அரசு வேலை கொடுக்க எண்ணெய்ப் பணம் போதுமானதாக இருந்ததுதான். இளைஞர் தொகை பெருகி, 2011இல் ‘நிதாகத்’ என்ற உள்நாட்டவர் வேலை ஒதுக்கீடு வந்தபின் கடைத்தெருவே அரசின் கவனத்துக்குள் வந்துவிட்டது. இப்போது மின்ரசீதும் வங்கிக் கணக்கும் சம்பளப் பதிவும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. கடையின் வருமானம் யார் கைக்குப் போகிறது என்பது எளிதில் தெரிந்துவிடும். உங்கள் பெயரிலேயே முதலீட்டுப் பதிவு பெற்றுத் தொழில் செய்ய இன்று வழி உண்டு. ஆனால் ஒரு மளிகைக் கடைக்கு அந்தச் செலவு கட்டுமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (திருப்பூர்): ‘வாஸ்தா’ இல்லாமல் எதுவும் நடக்காது என்கிறார்கள். அது லஞ்சமா?

பதில்: இல்லை. அறிந்தவர் ஒருவர் உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்வது வாஸ்தா. நம் ஊரில் சிபாரிசு என்போமே, அதற்கு நெருக்கமானது. அதில் பணம் கைமாறுவதில்லை, சொன்னவரின் பெயர்தான் ஈடு. நீங்கள் தரமற்ற துணி அனுப்பினால் அவமானம் உங்களுக்கு முன் அவரைச் சேரும், பிறகு எந்தக் கதவும் திறக்காது. பணம் கேட்டு எவராவது ‘நான் வாஸ்தா’ என்று வந்தால் அவர் வெறும் தரகர், அல்லது மோசடிக்காரர். உரிமம், சுங்கம், விசா போன்றவை இணையத்துக்குப் போனபின் அரசு அலுவலகங்களில் வாஸ்தாவின் வேலை நன்றாகவே குறைந்திருக்கிறது. பெரிய குடும்ப நிறுவனத்தில் முதல் சந்திப்பைப் பெறுவதற்கு மட்டும் அது இன்னும் வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூர், பம்பு நிறுவனத்தின் ஏற்றுமதி மேலாளர்): நான் பெண். தனியாகச் சென்று பேச்சுவார்த்தை நடத்தினால் மதிப்பார்களா?

பதில்: பத்தாண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். 2018இல் பெண்கள் கார் ஓட்டவும், காப்பாளரின் அனுமதியின்றித் தொழில் பதிவு செய்யவும் வழி பிறந்தது. இன்று உங்களுக்கு எதிரே கொள்முதல் மேலாளராக ஒரு சவூதிப் பெண்ணே அமர்ந்திருக்கக்கூடும். அரசு மானியத்தைக் குறைத்து, 2018இல் 5% ஆக வந்த மதிப்புக் கூட்டு வரியை 2020 ஜூலையில் 15% ஆக்கியபின், ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது அங்கேயும் கடினமாகிவிட்டது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்கள் கை நீட்டினால் மட்டும் கை கொடுங்கள். நீட்டாவிட்டால் நெஞ்சில் கை வைத்து வணங்கினால் போதும். அதை அவமதிப்பாகக் கருத வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): ரமலானில் சென்று வரலாமா?

பதில்: புதிய ஒப்பந்தம் பேச வேண்டாம். முஸ்லிம் ஊழியர்களுக்குச் சட்டப்படியே நாளுக்கு 6 மணி நேரம்தான் வேலை. ஆனால் ஏற்கெனவே பழகியவர் என்றால், இஃப்தாருக்குப் பின் இரவு பத்து மணிக்கு மேல் நடக்கும் சந்திப்பைப் போல நெருக்கம் தருவது வேறில்லை. ரமலான் ஆண்டுதோறும் முன்னே நகரும் என்பதால் திட்டமிடும்போது ஹிஜ்ரி நாட்காட்டியையும் பாருங்கள். 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலும் இரண்டு முறை தொடங்கும். வார விடுமுறை 2013 முதல் வெள்ளியும் சனியும். நம் ஞாயிறு அவர்களுக்கு வேலை தொடங்கும் நாள்.

கேள்வி (மதுரை): முதல் அலுவலகத்தை ரியாத்தில் வைப்பதா, ஜித்தாவிலா?

பதில்: யார் உங்களுக்குப் பணம் தரப்போகிறார் என்பதைப் பொறுத்தது. அரசு என்றால் ரியாத். 10 லட்சம் ரியாலுக்கு மேற்பட்ட அரசு ஒப்பந்தம் வேண்டும் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் வட்டாரத் தலைமையகத்தை நாட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின் ரியாத்தின் வாடகை ஏறிய ஏற்றத்தைச் சொல்லி முடியாது. கடைச் சரக்கு என்றால் ஜித்தா. எண்ணெய்க்கு வெகுகாலம் முன்பிருந்தே ஹஜ் பயணிகளையும் செங்கடல் கப்பல்களையும் நம்பி வாழ்ந்த ஊர் அது. ஏமனின் ஹள்ரமவ்த் பகுதியிலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பங்கள் அங்கே பெரிதாக வளர்ந்தன. நாட்டின் முதல் உள்நாட்டு வங்கியான நேஷனல் கமர்ஷியல் வங்கியை 1953இல் தோற்றுவித்தவர்களில் சலீம் பின் மஹ்ஃபூஸ் அப்படி வந்தவர்தான். பேரம் பேசுவதில் ஜித்தாக்காரர் உங்களைக் களைக்க வைப்பார். ஆனால் அன்றைக்கே ஒரு முடிவும் சொல்லிவிடுவார்.

கேள்வி (மீண்டும் போடிநாயக்கனூர்): ஐயா, இன்னொரு சிறு சந்தேகம். போன முறை நான் மறுக்க மறுக்கக் கஹ்வா ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். எப்படி நிறுத்துவது?

பதில்: வாயால் மறுத்தால் கூச்சப்படுகிறீர்கள் என்றே எண்ணுவார்கள். வெறும் ஃபின்ஜானை (கஹ்வா குடிக்கும் சிறு கோப்பையை) வலக்கையில் பிடித்து, மெதுவாக இருமுறை ஆட்டிவிட்டுக் கொடுங்கள். ஊற்றுபவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.