முழுகும்போது கைநிறைய முடி: கிணற்றுத் தண்ணீர்தான் காரணமா?

உப்புவெளிக்கு வீடு மாறியதும் கிணற்றுத் தண்ணீரால்தான் முடி கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் அப்படிச் செய்யாது. சவர்த் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி நடுவில் முறிய வைக்கும், வேரோடு கழற்றாது.

எனக்குப் பட்ட காரணம், நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்னதுதான்: மூன்று மாதத்துக்கு முன் வந்த டெங்கு. கடும் காய்ச்சல் வந்தால் நிறைய முடி ஒரேயடியாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். அதனால்தான் யாருக்கும் காய்ச்சல் நினைவுக்கு வருவதில்லை, புது வீட்டுக் கிணறு பழி சுமக்கிறது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும்.

நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது எல்லாருக்கும் உள்ளது. கிழமைக்கு இரண்டு தரம்தான் முழுகுகிறீர்கள், மூன்று நாலு நாள் முடி சேர்ந்து வரும்போது கை நிறையத்தான் செய்யும்.

ஒன்று செய்து பாருங்கள். விழுந்த முடிகளை ஒரு கறுப்புத் துணியில் போடுங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது காலம் முடிந்து தானாக விழுந்தது. இரண்டு முனையிலும் இல்லையென்றால் முறிந்தது. அப்போது கடைசிச் செம்புக்கு மழைத்தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றுங்கள், ஈரத்தலையில் சீப்புப் போடாதீர்கள்.

ஆனால் வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தலைத்தோல் எரிந்து செதிள் வந்தாலோ, ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலோ தோல் டொக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட்டும் இதே மாதிரித்தான் கொட்டவைக்கும், அது இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.