அந்தலூசியா மலை ஊர்களில் கேம்பர்வேன்: கேட்டவையும் சொன்னவையும்

தெற்கு ஸ்பெயினில் அந்தலூசியாவின் வெள்ளைச் சுவர் ஊர்களை மூன்று முறை கேம்பர்வேனில், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கக்கூடிய வேனில், சுற்றியவன் என்பதால் என்னிடம் வந்து சேர்ந்த கேள்விகள் இவை.

மலாகாவில் வேன் எடுக்கிறோம். கையில் ஆறு நாள். ரோண்டா பக்கமும் அல்புஹார்ரா பக்கமும் இரண்டையும் பார்த்துவிடலாமா?

வேண்டாம். அல்புஹார்ரா கிரானாடாவுக்குத் தெற்கே, சியெர்ரா நெவாதா மலைத்தொடரின் சரிவில் இருக்கிறது. அது தனிப் பயணம். ஆறு நாளுக்கு ரோண்டா, செத்தெனில், ஒல்வேரா, சாஹரா, கிராசலேமா, ஆர்கோஸ் போதும். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் தெரியும். வளைந்து வளைந்து போகும்போதுதான் நேரம் கரைவது புரியும்.

ஊருக்குள்ளேயே வேனை ஓட்டிப் போய் நிறுத்தலாமா அண்ணா?

போகவே போகாதீர்கள். முதல் பயணத்தில் ஆர்கோஸில் ஃபோன் காட்டிய வழியை நம்பி மேலே ஏறினேன். ஃபோனுக்கு என் வேனின் அகலம் எப்படித் தெரியும்? சந்து குறுகிக்கொண்டே போய், கடைசியில் கண்ணாடியை மடக்கினாலும் நுழைய முடியாத இடத்தில் நின்றேன். ஒரு பெரியவர் வீட்டிலிருந்து செருப்போடு இறங்கி வந்து, பின்னால் நின்று கைகாட்டி, கால் மணி நேரம் ரிவர்ஸ் எடுக்க வைத்தார். அவருக்கு இது வழக்கமான வேலை போலிருந்தது. கண்ணாடி உடைந்த காசு என் முன்பணத்தில் போனது. செத்தெனிலில் இன்னும் மோசம்: தெருவுக்கு மேல் பாறையே கூரையாக நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கடியில்தான் வீடுகளும் கடைகளும்.

அதனால் ஊருக்கு வெளியே, கீழேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். வேனின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கூரையில் அடிபட்டால் இன்சூரன்ஸ் உண்டா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் அது சேராது.

இரவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாமா?

ஸ்பெயினில் நிறுத்துவது வேறு, முகாம் போடுவது வேறு. முறையாக நிறுத்திய வண்டிக்குள் நீங்கள் தூங்கினாலும் அது நிறுத்துவதுதான். நாற்காலி போட்டாலோ, பந்தலை விரித்தாலோ, தண்ணீரைக் கீழே விட்டாலோ முகாம் ஆகிவிடும். ஆனால் சில நகராட்சிகளுக்குத் தனி விதிகள் உண்டு, பலகையைப் படியுங்கள். கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வேன்களுக்கென்றே உள்ள நிறுத்தங்களைத் தேடிப் போங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை அங்கே தங்கினால் தண்ணீர்க் கவலை இருக்காது.

வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவன் நான். இந்திய லைசென்ஸ் போதுமா?

அதோடு ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 3,500 கிலோவுக்கு உட்பட்ட வேனுக்குக் கார் லைசென்ஸ் போதும். வளைவு உங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாள் ரவுண்டானாக்களில் பக்கத்தில் இருப்பவர் "வலது, வலது" என்று சொல்லிக்கொண்டே வரட்டும். கிராசலேமாவிலிருந்து சாஹராவுக்கு இறங்கும் பாலோமாஸ் கணவாயைப் பெரிய வேனில் முதல் நாளே தொடாதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

மே, அல்லது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்டில் வேன் அடுப்பாகிவிடும். வறண்ட அந்தலூசியாவில் கிராசலேமா மட்டும் விதிவிலக்கு, ஸ்பெயினிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகத்தை முதலில் தடுப்பது அந்த மலைகள்தான். ரெயின்கோட் அவசியம்.

நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் உஷாராக இருந்தால். சால்மொரேஹோ என்ற தக்காளிக் கூழின் மேல் பன்றி இறைச்சித் துண்டும் முட்டையும் தூவித்தான் தருவார்கள். "சின் ஹாமோன், சின் உவேவோ" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதாமும் பூண்டும் அரைத்த வெள்ளைக் குளிர் சூப்பான அஹோபிளாங்கோ, கரும்புப்பாகு ஊற்றிய கத்தரிக்காய்ப் பொரியல் இரண்டையும் விடாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணி ஆகும், குழந்தைகள் இருந்தால் வேனிலேயே சமைத்துவிடுங்கள்.

ஊர்ப் பெயர்களில் 'தெ லா ஃபிரொன்தேரா', அதாவது 'எல்லையோரத்து', என்று வருகிறதே, எந்த எல்லை அது?

கிரானாடாவின் முஸ்லிம் அரசுக்கும் காஸ்தீலின் கிறிஸ்தவ அரசுக்கும் நடுவே இருந்த எல்லை. அதனால்தான் ஊர்கள் உச்சியில், கோட்டையைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கின்றன. 1481 டிசம்பரில் கிரானாடாப் படை சாஹராவைப் பிடித்தது. அதில் தொடங்கிய போர் 1492இல் கிரானாடா வீழ்ந்ததில் முடிந்தது. உங்கள் வேன் நுழையாத சந்துகளுக்கும் இதுதான் காரணம்.

ரோண்டாவில் ஒரே கூட்டமாமே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பகல் பேருந்துகள் கிளம்பிய பிறகு பாருங்கள். 1793இல் கட்டி முடித்த 'புதிய பாலம்' 98 மீட்டர் உயரம். மேலிருந்து எட்டிப் பார்ப்பதைவிட, பாதையில் கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் அது தெரியும்.

சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாமா?

தாராளமாக. ஒல்வேராவுக்கும் புவெர்த்தோ செர்ரானோவுக்கும் நடுவே 36 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை போட்டார்கள், ஒரு ரயில்கூட ஓடவில்லை. இப்போது அது சைக்கிள் பாதை. நடுவில் சாஃப்ராமகோன் பாறைக்கு மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும். முப்பது குகைப் பாதைகள் உண்டு, டார்ச் எடுத்துப் போங்கள்.